பின்னேயா, ஐயா?

கடலில் கப்பல் ஓட்டிப் பெரிய ஆளானவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். கரையில் கப்பல் ஓட்டிப் பெரிய ஆளானவர் அந்தக் கடற்படையில் ஒருவர்தான். இது அவர் மேலே போன கதை. மேலே போகிறவரைப் பார்க்க வசதியான இடம் கீழே என்பதால், துறைமுகத்தில் கயிறு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் பக்கத்தில் நின்றுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கயிறு வாங்குவது ஒன்றும் கடைக்குப் போகிற வேலையல்ல. கப்பல் கரைக்கு வரும்போது மேலிருந்து கயிற்றை வீசுவார்கள். துறைமேடையில் நிற்கிறவர் அதைப் பிடித்து, உயிர் போக இழுத்து, மேடையில் நட்டிருக்கும் இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். கப்பல் கிளம்பும்போது கழற்றிவிட வேண்டும். இந்த வேலையிலேயே உள்ளங்கை செருப்புத் தோலாகிப் போன அவரை எல்லோரும் கயிற்றுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கடற்படைக் கப்பலில் சுக்கான் பிடிக்கும் ஒருவருக்குத்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். "எங்க மாப்பிள்ளை நேவி" என்று சொல்லும்போது அவர் மனைவியின் குரல் தானாக ஒரு படி ஏறும்.

அந்த மாப்பிள்ளையின் கப்பலுக்குக் கேப்டனாக வந்தவர்தான் நம்முடைய பெரிய மனிதர். மற்ற கேப்டன்கள் பக்கத்தில் நிற்கும் சுக்கான்காரரிடம் வாயால் சொல்வதை இவர் ஒலிபெருக்கியில் சொல்வார். அவருக்கு அவர் குரல் பிடிக்கும். கப்பல் இடது பக்கம் திரும்பப் போவதும், அன்றைக்கு டீயில் சர்க்கரை குறைந்ததும் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். கயிறு வாங்குகிறவர்கள் அவருக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கடற்படையில் யாருக்கும் இவ்வளவு பொருத்தமாக எதுவும் வழங்கப்பட்டதில்லை.

ஒருநாள் காலை அந்தக் கப்பல் கரைக்கு வந்துகொண்டிருந்தது. வருகிற கப்பலை நிறுத்த வேண்டுமென்றால், தண்ணீருக்கடியில் அதைத் தள்ளுகிற விசிறியைப் பின்பக்கமாகச் சுழலவிட வேண்டும். கப்பலுக்கு வேறு பிரேக் கிடையாது. துறைமேடையில் மேய வருகிற ஆடுகளுக்குக்கூட இது தெரியும். விசிறி பின்னால் சுழல்கிற சத்தம் கேட்டால்தான் அவை பயமில்லாமல் மேயும். கயிற்றுக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கி முழங்கியது.

"முன்னே! முழு வேகம்!"

கயிற்றுக்காரருக்குக் காது சரியில்லையோ என்று சந்தேகம். அதே ஒலிபெருக்கியில், தள்ளி நின்று பேசுகிற மாதிரி மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் குரல்.

"பின்னேயா, ஐயா?"

"சொன்னதைச் செய்யி! என்னையே கேள்வி கேக்குறியா?"

ஆடுகள் முதலில் ஓடின. பிறகு மனிதர்கள். கப்பலின் மூக்கு துறைமேடையை உராய்ந்துகொண்டு ஏறி, பின்னாலிருந்த கொட்டகைச் சுவரைப் பாதி இடித்துக்கொண்டு நின்றது. அது கயிற்றுக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற கொட்டகை. எறியப்படாத கயிறுகளுக்காக அத்தனை பேரும் வெளியே காத்திருந்ததால் உயிர் போகவில்லை. டிபன் பாக்ஸ்கள்தான் போயின. தூசி அடங்கியதும் ஒலிபெருக்கி நிதானமாக அறிவித்தது.

"வந்து சேர்ந்தோம்."

விசாரணை வைப்பதென்று முடிவானது. விசாரணை முடியும்வரை மாப்பிள்ளைக்குப் பணி இடைநீக்கம். அதற்காக வீட்டில் இருந்துவிட முடியாது. வேலையில்லை என்பது மறந்துபோகக் கூடாதல்லவா? எனவே தினமும் காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில் வந்து, சாயங்காலம்வரை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மகள் ராத்திரி துவைத்து விடியலில் தேய்த்தாள். கேட்டுத் தூசியில் நின்று பழுப்பாகத் திரும்பி வருகிற சீருடை மறுநாள் மறுபடி பால் மாதிரி போகும்.

"கப்பல இடிச்சவரு ஏசி ரூம்ல இருக்காரு. எங்க வீட்டு ஆளு கேட்டுக்குத் தோரணம் மாதிரி நிக்கிறாரு" என்றாள் மகள், இஸ்திரிப்பெட்டியைச் சட்டைக் காலரில் வைத்து அழுத்தியபடி. அந்தக் காலர் யாருடைய கழுத்தாகவோ இருக்க வேண்டும் என்று தோன்றியது கயிற்றுக்காரருக்கு.

அவள் சொன்னது உண்மைதான். விசாரணைக்கு உள்ளான அதிகாரி கப்பலில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஸ்பீக்கரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வேண்டுமானால் சட்டைக் கையில் இன்னொரு தங்கப் பட்டை வேண்டும். அதையும் தைத்துக் கொடுத்தார்கள்.

விசாரணை நாளன்று கயிற்றுக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. 'முன்னே முழு வேகம்னு கேப்டன் ஐயாதான் சொன்னாரு.' அந்த வரி வெளியே வந்துவிட்டால் மாப்பிள்ளை சுக்கானுக்குத் திரும்பிவிடுவார். குளிக்கும்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

வாசலில் ஒரு காவல்காரர் அவருக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்.

"குதிகாலச் சேத்து வை. கைய எங்க வச்சிருக்க?"

"இங்கதான் ஐயா இருக்கு."

"தொங்குதே!"

"இத்தன வருசமா அங்கதான் தொங்குது ஐயா."

உள்ளே நீள மேசை. பச்சைத் துணி. துணியின் மேல், விசாரிக்கப்படும் அதிகாரியின் வாள் குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. அது அவர்கள் வழக்கம். தீர்ப்பு முடிந்ததும் வாளைத் திருப்பி வைப்பார்கள். குற்றம் செய்தவர் என்றால் கூர்முனை அவர் பக்கம் பார்க்கும். குற்றமற்றவர் என்றால் கைப்பிடி பார்க்கும். வாயால் சொன்னால் கௌரவக் குறைவாம்.

தலைவராக வந்திருந்த அதிகாரி கனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கர் உள்ளே வந்தார். தலைவரின் பார்வை அவர் சட்டைக் கையில் போய் நின்றது. புதுப் பட்டையின் நூல் முனைகூட இன்னும் வெட்டப்படவில்லை. தலைவர் தன் கையைப் பார்த்தார். அங்கே ஒரு பட்டை குறைவு. எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"ஐயா, நீங்க உக்காருங்க."

குற்றம் சாட்டப்பட்டவர் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் சாட்சிகளோடு வந்து நின்றுகொண்டார். அவருக்கும் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உங்கள் தர்மசங்கடம் எனக்குப் புரிகிறது" என்று ஸ்பீக்கர் தொடங்கினார். "ஒரு மூத்தவரை இளையவர் விசாரிக்க முடியாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சுவரைப் பார்த்து நிற்பது யாருக்கும் முடியும். மாடுகூட நிற்கும். நாளைக்கு எதிரி சுவர் மாதிரி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? என் வாழ்நாளில் நான் ஒருமுறைகூடப் பின்னே போனதில்லை. எனக்குப் பின்னே என்ன இருக்கிறது என்றே தெரியாது!"

கை தட்டினார்கள். பட்டை அதிகமுள்ள ஒருவர் கிடைக்கும்வரை விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. கயிற்றுக்காரர் வாய்க்குள் தயாராக வைத்திருந்த வரியை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"கத்திய வச்சாங்க. பேசினாங்க. கத்திய எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

"ஒரு வெங்காயமாவது வெட்டினாங்களா?"

மாப்பிள்ளை மூலையில் உட்கார்ந்து வெள்ளை ஷூவுக்குச் சுண்ணம் பூசிக்கொண்டிருந்தார். 

பட்டை அதிகமுள்ளவரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் சும்மா இருக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆணை வந்தது. வீரம் மிக்க இந்தக் கடற்படையில் இனி 'பின்னே' என்ற ஆணை இல்லை. கப்பல்களின் இயந்திரக் கைப்பிடிகளில் பின்பக்கம் போகிற வழியில் இரும்பு ஆப்பு அடித்துவிட்டார்கள். இந்தச் சீர்திருத்தத்துக்காக அவருக்கு இன்னொரு பட்டை.

அதற்குப் பிறகு துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒவ்வொன்றும் மூக்கை மேடையில் வைத்தபடி அப்படியே நின்றது. இயந்திரத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, கடவுளை வேண்டிக்கொண்டு மிதந்து வந்து முட்டுவார்கள். வெளியே போவது எப்படி? கயிற்றுக்காரர்கள்தான். வாலில் கயிற்றைக் கட்டி, மேடையின் நீளத்துக்கு ஓடி, அத்தனை பேரும் மாடு மாதிரி இழுத்துக் கப்பலைத் திருப்பிவிட்டார்கள். தோளில் தோல் உரிந்தது.

"கப்பல பின்னாடி இழுங்கடா" என்று கயிற்றுக்காரர்களின் மேஸ்திரி ஒருநாள் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார். பக்கத்தில் நின்ற இளம் அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க! அது வால் முன்னேற்றம்."

"எதுங்க?"

"வால் பக்கமா முன்னேறுறது."

"அப்போ எங்க தோளு உரியுறதுக்கு என்ன பேருங்க?" என்றார் கயிற்றுக்காரர். அதிகாரி, கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உடைந்த சுவரையும் விட்டுவைக்கவில்லை. ஓட்டை வழியாக அலைத் தண்ணீர் கொட்டகைக்குள் அடித்தது. காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. மேஸ்திரி ஒரு மூட்டை சிமெண்ட் கேட்டார். சிமெண்டுக்குப் பதிலாகப் பேண்டு வாத்தியம் வந்தது. ஸ்பீக்கர் நேரில் வந்து சுவருக்குப் பித்தளைத் தகடு மாட்டி, துணியை விலக்கினார். 'இங்கே நம் கப்பல் எதிர்ப்பைச் சந்தித்தது' என்று அதில் பொறித்திருந்தது. அந்தச் சந்திப்புக்காக அவர் மார்பில் ஒரு பதக்கம் ஏறியது. அன்றிலிருந்து ஓட்டையைக் கடக்கிறவர்கள் சல்யூட் அடிக்க வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போகிறவர்கள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அடித்தார்கள்.

இரண்டாவது விசாரணைக்கு, எல்லோருக்கும் மேலே இருந்த தலைமைத் தளபதியே வந்தார். அவர் சட்டைக் கைகளில் துணி தெரியவில்லை, அத்தனை பட்டை. கயிற்றுக்காரருக்கு நம்பிக்கை பிறந்தது. இவருக்கு மேலே ஸ்பீக்கர் போக முடியாது. குதிகாலைச் சேர்த்து வைத்து, வரியை நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்தார்.

தளபதிக் கிழவர், ஸ்பீக்கரின் பதக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"இது எதுக்குக் கொடுத்தது?"

"சுவருக்கு, ஐயா."

"நாந்தான் கொடுத்தேனா?"

"நீங்கதான் ஐயா."

"அப்போ நான் கொடுத்தது தப்புன்னு நானே விசாரிக்கணுமா?" கிழவர் வெகுநேரம் யோசித்தார். யோசிக்கும்போது குறட்டை வந்தது. விழித்ததும், இவ்வளவு சிக்கலான நாட்டுக்கு இனி இளைஞர்கள்தான் வேண்டும் என்று சொல்லி ஓய்வு அறிவித்தார். அந்த அறையில் அடுத்தபடி மூத்தவர் யார் என்று பார்த்தார்கள். விசாரிக்கப்படுகிறவர்தான்.

ஸ்பீக்கர் தலைமைத் தளபதியானார். மாப்பிள்ளை கேட்டில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன நாய் ஒன்று அவர் நிழலில் படுக்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது விசாரணை நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கடற்படை, ஆரம்பித்த ஒன்றை முடிக்காமல் விடாது. விதிகளை மனப்பாடமாக வைத்திருந்த சட்ட அதிகாரி எழுந்து படித்தார். "விசாரிக்கப்படுபவரைவிட மூத்தவர் இல்லாதபோது, இருப்பவர்களில் மூத்தவர் தலைமை ஏற்பார்." எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

"கடமை" என்றார் ஸ்பீக்கர், பெருமூச்சோடு.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. முதலில் குற்றம் சாட்டப்பட்டவராக வந்து, காலியான தலைவர் நாற்காலிக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்தார். பிறகு மேசையைச் சுற்றி ஓடிப்போய் உட்கார்ந்து, காலியான எதிர் நாற்காலிக்குப் பதில் சல்யூட் அடித்தார். அவர் எழும்போதெல்லாம் அறையே எழுந்தது, உட்காரும்போது உட்கார்ந்தது. கயிற்றுக்காரருக்கு முழங்கால் விட்டுப்போனது.

"உங்கள் பதவி என்ன?" என்று தலைவராக அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

இந்தப் பக்கம் வந்து, "உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்.

அந்தப் பக்கம் போய், "மரியாதையாப் பதில் சொல்லுங்க!" என்று மேசையைத் தட்டினார்.

இந்தப் பக்கம் வந்து தலை குனிந்தார். "மன்னிக்கணும், ஐயா."

அவருடைய நேர்மையைப் பார்த்துச் சட்ட அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் கயிற்றுக்காரரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை சுவரோரமாக வெள்ளைச் சீருடையில் நின்றுகொண்டிருந்தார். காலரில் இஸ்திரிப்பெட்டியின் சூடு இன்னும் இருந்திருக்கும்.

"ஐயா" என்றார் கயிற்றுக்காரர். இத்தனை நாள் வாய்க்குள் ஊறிய வரி ஒருவழியாக வெளியே வந்தது. "முன்னே முழு வேகம்னு நீங்கதான் சொன்னீங்க."

 ஸ்பீக்கர் மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"உனக்கு எங்கேர்ந்து கேட்டுச்சு?"

"மேடைலேர்ந்து ஐயா."

"தெளிவாவா?"

"துறைமுகம் பூராவும் கேட்டுச்சு ஐயா."

"காத்து எந்தப் பக்கம்?"

"எதிர்க்காத்து."

"எதிர்க்காத்துல!" ஸ்பீக்கர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அறையும் எழுந்தது. "கேட்டீங்களா? எதிர்க்காத்துலயும் துறைமுகம் முழுக்க! ஆமா, நான்தான் சொன்னேன். அந்த ஆணை என்னோடது. இந்தக் கடற்படையோட பெருமையே அந்த ஆணைதான். யாராவது இல்லேன்னு சொன்னாங்களா?"

கயிற்றுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு நங்கூரத்தைத் தூக்கின மாதிரி இருந்தது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ ஐயா, எங்க மாப்பிள்ள நீங்க சொன்னதைத்தானே செஞ்சாரு?"

"செஞ்சான்" என்றார் ஸ்பீக்கர். குரல் தணிந்தது. அவர் குரல் தணிந்து யாரும் கேட்டதில்லை. "ஆனா கேட்டுட்டுச் செஞ்சான். 'பின்னேயா'ன்னு ஒரு கேள்வி. அந்தக் கேள்வியில போன நேரம் போனதுதான். அவன் கேக்காம இருந்திருந்தா கப்பல் சுவரத் தாண்டிப் போயிருக்கும். இப்போ பாதிச் சுவர்! பாதிச் சுவர் இடிச்சவன்னு என்னைச் சரித்திரத்துல எழுதுவாங்களா?"

தீர்ப்புக்கு வாளைத் திருப்ப வேண்டும். தளபதி குற்றமற்றவர், கைப்பிடி குற்றம் சாட்டப்பட்டவர் நாற்காலியைப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால் கூர்முனை தலைவர் நாற்காலியைப் பார்த்தது. அங்கேயும் அவரேதான். திருப்பி வைத்தால் முனை மறுபடி அவரையே பார்த்தது. சட்ட அதிகாரி வாளை இப்படியும் அப்படியும் திருப்பி வியர்த்துப்போனார். பிறகு அவருக்கு வழி தெரிந்தது. இரண்டு நாற்காலிகளையும் மேசைக்கு ஒரே பக்கத்தில் போட்டார். கைப்பிடி அதிகாரிகள் பக்கம் பார்த்தது.

கூர்முனை எதிரே பார்த்தது. எதிரே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய தோள்பட்டை அடையாளத்தை அங்கேயே அறுத்து எடுத்து, வேலையிலிருந்தும் நீக்கினார்கள். மறுநாள் விடியலில் மகள் பழக்கத்தில் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கிவிட்டு, அப்புறம்தான் ஞாபகம் வந்து, அது ஆறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நான் கேட்டது தப்பா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

கயிற்றுக்காரர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். நேரமாகவில்லை. 

கொஞ்ச நாளில் புதிய தலைமைத் தளபதி கடலுக்குப் போய் எல்லாக் கப்பல்களின் மரியாதையையும் ஏற்றுக்கொள்கிற விழா வந்தது. இருப்பதிலேயே பெரிய கப்பல். வழக்கம்போல மூக்கு கரையைப் பார்த்து நின்றது. கயிற்றுக்காரர்கள் வாலில் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள். இழுத்து வெளியே விட்ட பிறகுதான் இயந்திரத்தைத் தொட வேண்டும்.

ஸ்பீக்கர் ஒலிபெருக்கியோடு மேலே நின்று, கரையில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். பேண்டு முடிந்தது. கயிறு இழுபட அவர் காத்திருக்கவில்லை.

"முன்னே! முழு வேகம்!"

சுக்கானில் ஒரு புதுப் பையன். மாப்பிள்ளைக்கு நடந்ததை அவன் நன்றாகப் படித்திருந்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் அவன் கேட்காதது துறைமுகம் முழுக்கக் கேட்டது.

கயிற்றுக்காரர் தோளிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். வாய் அவரைக் கேட்காமல் திறந்தது.

"பின்னேயா, ஐயா?"

"யாரது?" ஸ்பீக்கர் சுழன்று திரும்பினார். "யார் கேட்டது? எவன்டா அது?" கேட்டவனைத் தேடிக் கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் முன்னால் என்ன வருகிறது என்று அவர் பார்க்கவேயில்லை. கப்பல் மேடையில் ஏறி, மிச்சமிருந்த சுவரை, பித்தளைத் தகட்டோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு, கொட்டகையில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் மூக்கை நீட்டியது. அத்தனை பேரும் கயிற்றில் இருந்ததால் இந்த முறையும் டிபன் பாக்ஸ்கள்தான் போயின.

தூசிக்குள்ளிருந்து குரல் வந்தது. "முழுசா வந்து சேர்ந்தோம்! இப்போ சொல்லுங்கடா, கேட்டது யாரு?"

கயிற்றுக்காரர்களை வரிசையில் நிறுத்தினார்கள். சட்ட அதிகாரி முதலில் மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி இடித்துக் கிடந்த கல்லையும் கப்பலையும் ஒருமுறை பார்த்தார்.

"சுவருதான் கேட்டுச்சு ஐயா" என்றார்.

அடுத்தவரும் சுவர் என்றார். அதற்கடுத்தவர், அதன் குரலை முன்பே ஒருமுறை கேட்டிருப்பதாகச் சத்தியம் செய்தார். கயிற்றுக்காரரின் முறை வந்தபோது அவரும் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். சுவரை விசாரணைக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. சுவர் இல்லை. சுவர் வந்து சாட்சி சொல்லாமல் விசாரணையை முடிக்க முடியாது. விசாரணை முடியும்வரை தளபதி கப்பலில் இருக்கக் கூடாது. மேலே ஒரு பதவிக்குத்தான் போக வேண்டும். அவருக்கு மேலே பதவியே இல்லை. உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கான நாற்காலியைச் செய்கிற தச்சர், உட்கார ஏணி வேண்டியிருக்கும் என்கிறார்.

அன்று சாயங்காலம் கயிற்றுக்காரர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். கழிமுகத்தில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற மோட்டார் படகு அவளுடையது.

"'பின்னேயா'ன்னு கேட்டு வேல போன ஆளு இந்த வீடுதானே?"

மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வெளியே வந்தார். "நான்தாங்க. ஆனா என்னைத் தள்ளிட்டாங்க..."

"தெரியும்ப்பா. அதனாலதான் வந்தேன். எம் படகுல பொம்பளைங்க புள்ளைங்க ஏறுவாங்க. கரைக்கு வரும்போது கேக்கத் தெரிஞ்ச ஆளா வேணும். நாளைக்குக் காலைல வந்துடு. வெள்ளைச் சட்டையெல்லாம் வேணாம், கறையாயிடும்."

அவள் போன பிறகும் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். கேட்டில் நின்ற மாதிரி இல்லை. உடம்பு கொஞ்சம் தளர்ந்து, கைகள் அவற்றின் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன.

"துறைமுகம் பூரா ஒரே பேச்சு மாமா" என்றார். "சுவருக்கு உங்க குரலாமே."

கயிற்றுக்காரர் தோளில் ஒட்டியிருந்த கயிற்று நாரைப் பிடுங்கிப் போட்டார்.

"அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்களே மாப்பிள்ள, நான் பதில் சொல்லாம போயிட்டேன்" என்றார். "நீங்க கேட்டதுல தப்பே இல்ல. சுவரே கேட்டிருக்குல்ல?"